கணப்புக்கு மேலே அண்ணையின் படம்

உங்கள் வீட்டிலும் ஒன்று இருந்திருக்கும். முன்னறைச் சுவரின் நடுவே பலகை அடித்து, அதன்மேல் பூப்போட்ட சுவர்த்தாள் ஒட்டி, போதாக்குறைக்குத் தொலைக்காட்சிப் பெட்டியையும் முன்னால் நிறுத்தி மறைத்திருப்பீர்கள். குளிர்காற்று இறங்குகிறது, கரி கொட்டுகிறது, எலி வருகிறது என்று ஆளுக்கொரு காரணம் சொல்லியிருப்பீர்கள். நம்மோடு இந்த ஊருக்கு வந்து சேர்ந்தவர்களில் அந்தக் கணப்பை, சுவருக்குள் கட்டிய குளிர்காயும் அடுப்பை, திறந்தபடி வைத்திருந்த எவரையும் நான் கண்டதில்லை. இப்போது நம் பிள்ளைகள் அதே பலகையைக் கழற்ற ஆள் பிடிக்கிறார்கள்.

என் மகள் ஹரோவில் வீடு வாங்கியிருக்கிறாள். சாவி கைக்கு வந்த கிழமையே சுவரைத் தட்டிப் பார்த்து, ஓரிடத்தில் சத்தம் வேறு மாதிரிக் கேட்கிறது என்று உடைக்கத் தொடங்கிவிட்டாள். "அம்மா, லுக்! ஒரிஜினல்!" என்று வீடியோ கோலில் காட்டினாள். மங்கிய மண்ணிற ஓடுகள், மேலே ஒரு தட்டு, உள்ளே இருட்டு. போனுக்குள்ளால் மணம் வராது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நனைந்த கரியின் மணம் மூக்கில் ஏறியது.

அவள் அதற்குள் விறகு எரிக்கப்போவதில்லை. மின்சாரத்தில் சுவாலை காட்டுகிற ஒரு பெட்டியை வைக்கப்போகிறாளாம். சுவாலைக்கு ஒரு பொத்தான், சூட்டுக்கு வேறொரு பொத்தான். சூடு வராத நெருப்புக்கு இவ்வளவு பாடா என்று கேட்டேன். "அம்மா, அது பார்க்கிறதுக்கு. ஒரு வீட்டுக்கு அதுதான் இதயம்" என்றாள். புதுவீட்டுக் குடிபூரலுக்கு வருகிறவர்கள் ஆளுக்கொரு பழைய படம் கொண்டுவர வேண்டும், எல்லாவற்றையும் அந்தத் தட்டில் வரிசையாக வைக்கப் போகிறேன் என்றும் சொன்னாள். எனக்குக் களைப்பாயிருக்கிறது, பிறகு பேசுவோம் என்று வைத்துவிட்டேன். இப்போதெல்லாம் எதற்கும் அதைத்தான் சொல்கிறேன். முழங்காலும் முதுகும் சாட்சிக்கு நிற்பதால் யாரும் மறுத்துக் கேட்பதில்லை.

நாங்கள் லண்டனுக்கு வந்த குளிர்காலத்தில் எனக்குப் பத்து வயதிருக்கும். அப்டன் பார்க்கில், ஒன்றோடொன்று ஒட்டிய வரிசை வீடுகளில் ஒன்றின் கீழ்த்தளத்தில் அப்பா, அம்மா, நான் மூவரும் வாடகைக்கு இருந்தோம். ஒரு முன்னறை, ஒரு படுக்கையறை, ஒரு குசினி. முன்னறையின் பாதியை அந்தக் கணப்பு பிடித்திருந்தது என்றுதான் என் ஞாபகம். கறுத்த இரும்பு முகப்பு, இரு பக்கமும் பச்சை ஓடுகள், ஓடுகளில் பெயர் தெரியாத ஒரு மஞ்சள் பூ. மேலே மரத்தட்டு. எத்தனையோ பேர் எத்தனையோ தரம் வெள்ளை அடித்து, அதன் செதுக்கு வேலை எல்லாம் மொழுமொழுவென்று மறைந்துபோயிருந்தது. நகத்தால் சுரண்டினால் வெள்ளைக்குக் கீழே பச்சை, பச்சைக்குக் கீழே மண்ணிறம். அம்மா கண்டால் கையில் அடி விழும்.

நாங்கள் போனபோதே அதில் நெருப்பு எரிவது நின்றுவிட்டிருந்தது. சூட்டுக்கு ஒரு மண்ணெண்ணெய் ஹீற்றர் இருந்தது. வெறுமையாய்க் கிடந்த அந்தக் குகையைப் பார்த்த முதல் நாளே அம்மா முடிவெடுத்துவிட்டார்.

"இஞ்சருங்கோ, வெள்ளைக்காரன் எங்களுக்குச் சாமிமாடம் கட்டி வைச்சிட்டுப் போயிருக்கிறான்."

"அது குளிர் காயிற அடுப்பு. உமக்கு விசரே?" என்றார் அப்பா.

"அக்கினி இருந்த இடம்தானே. அதைவிடச் சுத்தமான இடம் இந்த வீட்டில எங்கை கிடக்கு?"

ஊரில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்த அப்பா இங்கே பெற்றோல் செட்டில் இரவு வேலை செய்தார். பகலெல்லாம் தூக்கம். விழித்திருக்கிற கொஞ்ச நேரத்தில் அம்மாவோடு வழக்காட அவருக்குத் தெம்பு இருந்ததில்லை.

பிள்ளையாரும் முருகனும் கணப்புக்குள் குடியேறினார்கள். முன்னால் சின்னப் பித்தளை விளக்கு. மழை பெய்கிற நாட்களில் புகைபோக்கிக்குள்ளால் ஈரக் கரியின் மணம் இறங்கும். காற்றடித்தால் பிள்ளையாரின் தலையில் பொலபொலவென்று கரி கொட்டும். விளக்கு நிற்காது. அப்பா பழைய தலையணை ஒன்றை மேலே அடைத்த பிறகுதான் சுடர் நிமிர்ந்து எரிந்தது. கற்பூரம், கரி, மண்ணெண்ணெய், இந்த மூன்றும் கலந்ததுதான் எங்கள் வீட்டு மணம். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் இருந்த பிள்ளை மூக்கைப் பிடிக்கும்.

அம்மா அந்த விளக்கில் தினமும் கேட்டது ஒன்றே ஒன்றுதான். என் அண்ணை வந்து சேர வேண்டும்.

பதினேழு வயது அண்ணையை விட்டுவிட்டுத்தான் நாங்கள் வந்திருந்தோம். அவரைப் போல எத்தனை பொடியன்கள் அப்போது கொழும்பு லொட்ஜ்களில் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரனின் சொல்லுக்காகக் காத்துக்கிடந்தார்கள் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இங்கிருந்து ஏஜென்சிக்காரனோடு பேசியவர் டூட்டிங்கில் கடை வைத்திருந்த பெரியப்பா, அப்பாவின் ஒன்றுவிட்ட அண்ணன். அடுத்த கூட்டத்தோடு அண்ணையை அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். அம்மா அதை நம்பி கிரீன் ஸ்ட்ரீட்டில் ஒரு பழைய கம்பளிக் கோட்டு வாங்கி, கணப்பின் பக்கத்தில் ஆணி அடித்துக் கொழுவி வைத்தார். கடும் நீலம், மரத்தால் செய்த பொத்தான்கள். அம்மா வேலைக்குப் போன நேரங்களில் நான் அதற்குள் புகுந்து நிற்பேன்.

பக்கத்து வீட்டில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி தனியே இருந்தார். அந்த வருடம் நத்தாருக்கு, கிறிஸ்மஸ் அன்று, எங்களைத் தேநீருக்குக் கூப்பிட்டார். அப்பா தூங்கினார். அம்மா சேலைக்கு மேல் காடிகன் போட்டுக்கொண்டு என்னையும் கூட்டிப் போனார். கிழவியின் கணப்பில் காஸ் நெருப்பு எரிந்தது. மேல்தட்டில் மணிக்கூடு, இரண்டு பீங்கான் நாய்கள், தட்டு நிறையப் படங்கள். ஒஸ்ரேலியாவில் இருக்கிற மகன், அவனுடைய பிள்ளைகள், கனடாவில் இருக்கிற தங்கை. நான்தான் மொழிபெயர்த்தேன். செத்துப்போன புருஷனின் படம் எங்கே என்று அம்மா கேட்கச் சொன்னார். அது படுக்கையறையில், இங்கே உயிரோடு இருப்பவர்கள் மட்டும்தான் என்றார் கிழவி. வந்து சேர முடியாதவர்கள் இந்த நெருப்புக்கு மேலே நின்றால் அவர்களுக்குக் குளிராது என்று சொல்லிச் சிரித்தார்.

அம்மா சிரிக்கவில்லை. நம் வீடுகளில் சுவரில் தனியாகப் படம் ஏறுகிறதென்றால் ஆள் போய்விட்டார் என்று அர்த்தம். அம்மாவும் அப்படித்தான் வளர்ந்தவர். அண்ணையின் படத்தைச் சூட்கேசுக்குள் சேலை மடிப்பில் ஒளித்து வைத்திருந்தவர். ஆனால் அந்தக் 'குளிராது' என்ற சொல் அவருக்குள் எங்கோ போய்த் தைத்துவிட்டது. வீட்டுக்கு வந்து காடிகனைக்கூடக் கழற்றாமல் சூட்கேசைத் திறந்தார்.

யாழ்ப்பாணத்து ஸ்ரூடியோவில் எடுத்த படம். அகலக் கொலர் சட்டை, அரும்பு மீசை, சிரிப்பை அடக்க முடியாத வாய். கிழவி எனக்குத் தந்துவிட்ட வெள்ளிச் சரிகை மாலையை, நத்தார் மரத்துக்குச் சுற்றுவார்களே, அதைத் தட்டின் நீளத்துக்கு நானும் அம்மாவும் தொங்கவிட்டோம். படத்தின் இரு பக்கமும் அது அழகாக வளைந்து விழுந்தது.

எழும்பி வந்த அப்பா பார்த்தார். "படத்தைக் கொஞ்சம் தள்ளி வையுமன். விளக்குக்கு நேர மேல கிடக்கு."

"தள்ளி வைச்சா சாமியின்ர கண்ணில எப்பிடிப் படும்? உதில நிண்டாத்தான் பிள்ளையாரப்பா அவனைப் பார்த்துக்கொள்ளுவார்."

அப்பா கொட்டாவி விட்டுக்கொண்டு குசினிக்குப் போனார். இன்றைக்கு நினைத்தால் அந்தக் கொட்டாவிமேல்தான் எனக்குக் கோபம் வருகிறது. பிறகு அந்தக் கோபமும் களைத்துப் போகிறது.

தை பிறந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கதவு தட்டினார்கள். அம்மா தையல் பக்ரறியில் ஷிப்ட். நான்தான் திறந்தேன். எங்களுக்கு முன்பின் தெரியாத ஒரு புருஷனும் மனைவியும். பெரியப்பாவின் கடைக்கு வந்து போகிறவர்களாம், அப்டன் பார்க்குக்குப் புதிதாகக் குடிவந்தவர்களாம், போய்ப் பாருங்கள் என்று பெரியப்பா சொல்லிவிட்டாராம். கையில் கேக் பெட்டி. சப்பாத்தைக் கழற்றிவிட்டு முன்னறைக்குள் வந்தார்கள். கணப்பைப் பார்த்தார்கள்.

படம். அதன்மேல் வளைந்து விழுந்த மாலை. கீழே எரிகிற விளக்கு.

அந்த அன்ரி கதிரை இருக்கத்தக்கதாக நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். என்னை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டார். சேலையில் பூச்சி உருண்டை மணந்தது. அம்மா வீட்டில் இல்லாத பிள்ளை என்று இரக்கப்படுகிறார் போல என்று நினைத்து நானும் அடங்கிக் கிடந்தேன். சத்தம் கேட்டு அப்பா எழும்பி வந்தார். போர்வையைச் சுற்றிக்கொண்டு, கண் சிவந்து, குளிருக்குச் சவரம் செய்யாமல் விட்ட தாடியோடு. தாடி ஒன்றுதான் குறையாயிருந்தது, அதுவும் வந்து சேர்ந்தது.

அங்கிள் எழுந்து அப்பாவின் கையைப் பிடித்தார். "மனதைத் தளர விடாதேங்கோ அண்ணை. பெடியனின்ர தாய் எப்பிடி இருக்கிறா?"

மகனைப் பிரிந்திருக்கிற துயரத்தைக் கேட்கிறார் என்றுதான் அப்பா எடுத்துக்கொண்டார். வீட்டுக்கு வருகிற எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள். "என்ன செய்யிறது தம்பி. அவ வேலைக்குப் போட்டா. வீட்டில இருந்தா அழுதுகொண்டிருப்பா" என்றார்.

நான் தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்தேன். அவர்கள் தொடவில்லை. கேக் பெட்டியை யாருக்கும் தெரியாமல் அன்ரி சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டதை நான் கண்டேன், எனக்குக் கேக் போச்சே என்று பெரிய கவலை. கொஞ்ச நேரம் இருந்துவிட்டு இரண்டு பேரும் எழுந்து வெளியே நடந்தார்கள். போட்டு வாறம் என்று சொல்லவில்லை.

"என்ன சனமப்பா! ஒரு சொல் சொல்லாமப் போகுதுகள். லண்டனுக்கு வந்தா எல்லாத்தையும் மறந்திடுங்கள்" என்று அப்பா கதவைச் சாத்தினார்.

அவர்கள் ஒன்றையும் மறக்கவில்லை. செத்த வீட்டில் தேத்தண்ணி குடிப்பதில்லை, சொல்லிக்கொண்டு புறப்படுவதில்லை. நம் ஆட்கள் முறை தவறாமல் நடந்துகொண்டிருக்கிறார்கள். வாத்தியாராயிருந்த அப்பாவுக்குத்தான் விளங்கவில்லை.

அவர்கள் நேரே டூட்டிங்குக்குப் போய்ப் பெரியப்பாவிடம் சொன்னார்கள். பெரியப்பா எங்களுக்கு உடனே ஒரு போன் எடுத்திருந்தால் நான் இதை எழுத வேண்டியிருந்திராது. அவர் எடுக்கவில்லை. துக்கத்தைவிட அவருக்குக் கோபம் பெரிதாக இருந்தது. என் தம்பி வீட்டில் சாவு, கடைக்கு வருகிற மூன்றாம் ஆள் சொல்லியா நான் அறிய வேண்டும்? அறிவிக்காத வீட்டுக்கு எப்படிப் போவது? ஏஜென்சிக்காரன் ஆட்களின் பெயர் கேட்டபோது, 'அந்தப் பொடியன் இல்லை' என்று மட்டும் சொல்லிவிட்டுக் கடையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டார்.

நாங்கள் இதொன்றும் அறியாமல் கோட்டுக்குத் தூசு தட்டிக்கொண்டிருந்தோம். அம்மா நாளுக்கு நாள் உற்சாகமாகிவந்தார். தெருவில் யாராவது பொடியன் நடந்து போனால், இவன் உயரம்தான் இருப்பான் என்பார்.

மாசியில் ஒரு சனிக்கிழமை பெரியப்பா வந்தார். இரண்டு கையிலும் மரக்கறிப் பைகள். கோபம் எவ்வளவு இருந்தாலும் அந்திரட்டிக்கு, அதுதான் செத்தவருக்கு முப்பத்தோராம் நாள் செய்கிற கிரியைக்கு, வராமல் விடுவது முறையில்லை என்று நாளைத் தானே குத்துமதிப்பாக எண்ணிக்கொண்டு வந்திருந்தார். கதவைத் திறந்த அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது.

"வாங்கோ அத்தான், வாங்கோ! எப்ப வெளிக்கிடுறானாம்?"

பெரியப்பா வாசலிலேயே நின்றார். அம்மாவின் நெற்றியில் பொட்டு. நல்ல சேலை. குசினியில் மீன் பொரிகிற மணம்.

"ஆர் வெளிக்கிடுறது?"

"என்ன கதை இது? உங்கட பெறாமகன்தான்!"

"அவன்... இருக்கிறானோ?"

பை கையிலிருந்து நழுவியது. வாழைக்காய்கள் தரையில் உருண்டன, ஒன்று கணப்பு வரை போய் இரும்பில் முட்டி நின்றது. எனக்கு அந்தச் சத்தம் மட்டும் அப்படியே நினைவிருக்கிறது. பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். பெரியப்பா தட்டையும் படத்தையும் விளக்கையும் மாறிமாறிக் காட்டினார். அப்பா, "ஒரு கோல் எடுத்திருக்கலாமே அண்ணை, ஒரேயொரு கோல்" என்று சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அவனுடைய இடம் வேறொரு பொடியனுக்குப் போய்விட்டது, அந்தக் கூட்டம் போன கிழமை கொழும்பை விட்டு வெளிக்கிட்டுவிட்டது என்று பெரியப்பா சொன்னார். அம்மா எட்டிச் சரிகை மாலையைப் பிடித்து இழுத்தார். அது ஓர் ஆணியில் சிக்கிக்கொண்டு வர மறுத்தது.

லொட்ஜில் இருந்த அண்ணைக்கு ஏஜென்சிக்காரன் சொன்னது இவ்வளவுதான்: லண்டனில் உன் பெயரை வெட்டச் சொல்லிவிட்டார்கள். ஏன் என்று அவனுக்கும் தெரியாது. அப்பாவும் அம்மாவும் தன்னை வேண்டாமென்று விட்டுவிட்டார்கள் என்று அண்ணை நினைத்துக்கொண்டார். எங்கள் தந்தி போய்ச் சேர்ந்தபோது அவர் யாழ்ப்பாணத்துக்கு ரயிலேறிவிட்டார். வழியில் இராணுவத்தினர் இறக்கினார்கள். அதற்குப் பிறகு அவர் எந்த முகாமில் இருந்தார், என்ன செய்தார்கள் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

அந்தக் கிழமையே அப்பா கணப்புக்குப் பலகை அடித்தார். சுத்தியல் சத்தம் கேட்டு வந்த கிழவியிடம், குளிர்காற்று வருகிறது என்று சொல்லச் சொன்னார் அம்மா. பிள்ளையார் குசினி அலுமாரியில் அரிசிக்கு மேல் ஏறினார். படம் சூட்கேசுக்குத் திரும்பியது. இப்போது சொல்லுங்கள், உங்கள் வீட்டில் பலகை அடித்தது குளிர்காற்றுக்காகத்தானா?

நான் பள்ளிக்கூடம் முடிக்கிற காலத்தில் அண்ணை வந்து சேர்ந்தார். அம்மா அந்த நீலக் கோட்டைப் போட்டுவிட்டார். கோட்டின் தோள் அவருக்கு அகலமாக இருந்தது, கைகள் உள்ளே எங்கோ நின்றன. "ராசா, அண்டைக்கு என்ன நடந்ததெண்டா..." என்று அம்மா தொடங்கினார். "தெரியும் அம்மா. விடுங்கோ" என்றார் அண்ணை. அம்மா சாகும் வரைக்கும் பலமுறை தொடங்கிப் பார்த்தார், அதே மறுமொழிதான். அண்ணை பஸ் ஓட்டினார், கலியாணம் கட்டினார், பிள்ளைகளைப் படிப்பித்தார். படத்தில் இருந்த அந்தச் சிரிப்பை நான் திரும்பக் காணவில்லை. அவரும் நம்மில் ஒருவர்தான், மருந்துப் பெட்டியும் மூக்குக் கண்ணாடியுமாக. கூட்டத்தில் கண்டால் உங்களுக்கு வித்தியாசம் தெரியாது.

போன சனிக்கிழமை மகள் வீட்டில் குடிபூரல். தட்டு நிறையப் படங்கள் சேர்ந்துவிட்டன. பெற்றோல் செட்டில் அப்பா, தையல் மெசினில் அம்மா. கீழே மின்சாரச் சுவாலை சத்தமின்றி ஆடிக்கொண்டிருந்தது. எல்லோரும் அதன் முன்னால்தான் போய் நின்றார்கள், எனக்கு அது வியப்பாயிருந்தது. சூடில்லை என்று தெரிந்தும் கையை நீட்டிப் பார்க்கிறார்கள்.

அண்ணை கடைசியாக வந்தார். சுப்பர்மார்க்கெட் பையில் சுற்றி அந்த ஸ்ரூடியோப் படத்தைக் கொண்டுவந்திருந்தார். அம்மா கடைசி நாட்களில் அவரிடம் கொடுத்திருக்கிறார், எனக்குத் தெரியாது. மற்றப் படங்களை ஒதுக்கி அதை நடுவில் வைத்தார். பிறகு மகளிடம் ஒரு மெழுகுதிரி கேட்டார். அவள் வனிலா மணக்கிற சின்னத் திரி ஒன்றைக் கொண்டோடி வந்தாள். அதைப் படத்தின் முன்னால் வைத்துக் கொளுத்தினார்.

நான் கையைப் பிடித்தேன். "வேண்டாம் அண்ணை. நல்ல நாளில."

"விடு தங்கச்சி. அண்டைக்கு வந்தவை பிழையா விளங்கேல்லை. இந்தப் பொடியன் பிறகு வரேல்லைத்தானே."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அழவில்லை. கொஞ்ச நேரம் கதிரையில் இருந்தார். மகள் கொடுத்த தேத்தண்ணி பக்கத்தில் ஆறிக்கொண்டிருந்தது. பிறகு எழுந்து, ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வெளியே நடந்தார்.

"மாமா பாய்கூடச் சொல்லேல்லை. இஸ் ஹீ ஓகே அம்மா?" என்று கேட்டாள் மகள்.

"ஓம் பிள்ளை. மறந்துபோனார்" என்றேன்.

எல்லோரும் போன பிறகு அவள் சுவாலையின் பொத்தானை அணைத்தாள். திரி மட்டும் எரிந்தது, அதை ஊதி அணைக்க வேண்டாம் என்று சொன்னேன். என் கோட்டை மாட்டிக்கொண்டேன். பிள்ளையின் புது வீடு, சொல்லாமல் இறங்கக்கூடாது என்று எனக்கும் தெரியும். போட்டு வாறன் என்பது வாய் வரைக்கும் வந்தது. முன்னறைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். சொல்லாமலே படியிறங்கினேன்.